கப்பல் எப்போது ரெடி? கடற்படைப் பராமரிப்பு பற்றி நம் பக்கத்தில் கேட்கும் கேள்விகள்

கடற்படையில் 15 வருடம் இன்ஜின் ரூமில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது பாதி நாள் சங்ககிரியில் மச்சானின் லாரிப் பட்டறையில் கழிகிறது. டீ குடிக்க வரும் டிரைவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், ஐ.டி.ஐ. படிக்கும் பையன்கள், மகனைக் கடற்படைக்கு அனுப்பிய பெற்றோர் எனப் பலரும் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கடலுக்கும் நமக்கும் தூரம்தான். ஆனால் நூறு வண்டியை வெளிமாநிலத்தில் ஓட்டிக்கொண்டே பராமரிப்பது எப்படி என்று நம் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால் இந்த விஷயம் இங்கே சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

ஏனுங்கண்ணா, கப்பலுக்கும் எஃப்.சி. உண்டா?

லாரிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருப்பது போலப் போர்க்கப்பலுக்கு வெளியாள் யாரும் வந்து சான்று தருவதில்லை. ஓட்டுவது கடற்படை, பழுது பார்ப்பது கடற்படை, பார்த்துவிட்டு "சரி, போகலாம்" என்று கையெழுத்துப் போடுவதும் கடற்படை. தன் வண்டிக்குத் தானே எஃப்.சி. போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் கையில் கொடுக்காமல் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கப்பல்களைப் பரிசோதிக்கவென்றே 1882-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒரு குழுவை வைத்தது. அது இன்றைக்கும் கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிறது. நம்மிடமும் பெரிய பழுது முடிந்து வரும் கப்பலை, பழுது பார்த்தவர்கள் சொல்லை மட்டும் நம்பி வாங்கிக்கொள்வதில்லை. துறைமுகத்திலும் கடலிலும் ஓட்டிச் சோதித்த பிறகுதான் கணக்கில் சேர்ப்பார்கள்.

அப்படியென்றால் யார் பொறுப்பு? கேப்டனா, பட்டறையா, டெல்லியா?

மூன்று பேரும். ஆனால் முடிச்சு ஒரே இடத்தில் இருக்கிறது.

இந்தியக் கடற்படைக்கு மூன்று கட்டளையகங்கள்: மும்பையில் மேற்கு, விசாகப்பட்டினத்தில் கிழக்கு, கொச்சியில் தெற்கு. தெற்கின் முக்கிய வேலை பயிற்சி. அந்தமானில் இருப்பது முப்படைக்கும் பொதுவான கட்டளையகம், 2001-ல் வந்தது. ஒவ்வொரு கடற்படைக் கட்டளையகத்துக்கும் தலைவர் ஒரு வைஸ் அட்மிரல். மேற்கிலும் கிழக்கிலும் அவருக்குக் கீழே ஃப்ளீட் என்கிற போர்க்கப்பல் அணி ஒன்று உண்டு. அதை நடத்துபவர் ரியர் அட்மிரல். அதே வைஸ் அட்மிரலுக்குக் கீழேதான் டாக்யார்டும், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையும், வருகிறது. அதன் தலைவரை அட்மிரல் சூப்பரிண்டெண்டன்ட் என்பார்கள், அவரும் ரியர் அட்மிரல்.

இந்த ஏற்பாட்டை நன்றாகக் கவனியுங்கள். கப்பலை ஓட்டுகிறவரும் கப்பலைப் பிரித்துப் போடுகிறவரும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவருக்கும் மேலே ஒரே ஆள். யாரும் யாருக்கும் கீழே இல்லை. கட்டளையகத்தில் தொழில்நுட்பத்துக்கென்று தனியாக ஒரு மூத்த அதிகாரியும் உண்டு. எந்தக் கப்பல் எந்த மாதம் உள்ளே வரும், எந்த உதிரிபாகம் வந்தது, எது வரவில்லை என்ற கணக்கெல்லாம் அவர் மேசையில் இருக்கும். கொள்கை, பணம், பெரிய கொள்முதல் எல்லாம் டெல்லித் தலைமையகம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. நார்ஃபோக்கில் ஒரு ஃப்ளீட் தலைமை, பேர்ல் ஹார்பரில் பசிபிக் ஃப்ளீட் தலைமை. ஆனால் அரசின் நான்கு பெரிய கப்பல் பட்டறைகளும் தனியான ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. வண்டிக்காரர் வேறு, பட்டறைக்காரர் வேறு. எனக்கு நம் முறைதான் பிடிக்கும், சண்டை வந்தால் தட்டுவதற்கு ஒரே கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் அவசரக்காரராக இருந்துவிட்டால் பட்டறைக்காரர் பேச்சு எடுபடாது, அது வேறு கதை.

ஓட்டுகிறவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் சண்டை எதற்கு? ரெண்டு பேரும் ஒரே படைதானே?

தீபாவளிக்கு முந்தின மாதம் லோடு குவிகிறது. எட்டு வண்டியில் ஒரு வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தாகிவிட்டது. மெக்கானிக் "இப்பவே இறக்குங்க" என்கிறார். லாரி ஆபீஸில் இருப்பவர் "ஒரே ஒரு டிரிப், திரும்பி வந்ததும் விட்டுடலாம்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். கடற்படையில் தினமும் நடப்பது இதேதான், லோடுக்குப் பதில் ரோந்தும் பயிற்சியும் வெளிநாட்டுப் பயணமும்.

ஃப்ளீட் தலைவருக்குக் கப்பல் கடலில் வேண்டும். கடலில் இருக்கும் கப்பல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தள்ளிப்போட்ட வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. அது கப்பலின் கோளாறுப் பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் இருந்த ஒரு கப்பலில் தீயணைப்புக்குக் கடல்நீர் தள்ளும் பம்பு ஒன்று இருந்தது. அதன் சீல் லேசாகக் கசிந்தது. "அடுத்த முறை கரைக்கு வரும்போது" என்று மூன்று முறை தள்ளிப்போட்டோம். கசிவை ஒரு பெயிண்ட் டப்பாவில் பிடித்து, வாட்சுக்கு (ஒரு ஷிஃப்டுக்கு) ஒரு தடவை கொட்டினோம். நான்காவது பயணத்தில் அந்த நீர் பேரிங்குக்குள் இறங்கி, ராத்திரி இரண்டு மணிக்குப் பம்பு இறுகி நின்றது. இருநூறு ரூபாய் சீலில் முடிந்திருக்க வேண்டியது, மோட்டாரையே கழற்றும்படி ஆனது. அந்த நேரத்தில் கப்பலில் தீப்பிடிக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று தடவையும் தள்ளிப்போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. மூன்று தடவையும் சரியான காரணம் இருந்தது.

பழுது வேலையில் எத்தனை வகை?

ஒவ்வொரு நாளும் கப்பல் ஆட்கள் செய்வது ஒன்று. எண்ணெய் பார்ப்பது, வடிகட்டி கழுவுவது, மணிக்கு ஒரு முறை அளவு எழுதுவது. பேரிங் உறையின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பதும் அதில் அடக்கம். நம் பட்டறையில் செய்வதேதான். அதிர்வை அளக்க மெஷின் வந்த பிறகும் பழைய ஆட்கள் காதை விடவில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கடல்நீர் ஓடும் கூலர்களில் துத்தநாகக் கட்டை ஒன்றைத் திருகி வைப்போம். உப்புநீர் கூலரின் உலோகத்தைத் தின்பதற்குப் பதில் இதைத் தின்னட்டும் என்று வைக்கிற பலி. புதிதாகப் போடும்போது கட்டைவிரல் தடிமனில் பளபளவென்று இருக்கும். சில வாரம் கழித்துக் கழற்றினால் எலி கடித்த மரவள்ளிக் கிழங்கு போல வரும். அப்படி வந்தால் சந்தோஷப்பட வேண்டும். புதுசு போலவே வந்தால்தான் பயம், அது வேலை செய்யவில்லை, வேறு ஏதோ கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு மேலே, கப்பல் கரையில் சில வாரம் நின்று தானே செய்துகொள்ளும் பராமரிப்பு. அப்புறம் ஃப்ளீட்டின் பராமரிப்புப் பிரிவும் டாக்யார்டும் கைகொடுக்கும் காலம். அதற்கும் மேலே ரீஃபிட் என்கிற பெரிய பழுது வேலை. அதில் சின்னது, சாதாரணம், நடுத்தரம் என்று படிகள் உண்டு. நடுத்தர ரீஃபிட் என்றால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதுதான் பெரியது. கப்பலை உலர் துறையில் (உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துவிடும் தொட்டி) ஏற்றி, தோலை உரித்து, குழாய்களைக் கழற்றி, பல இயந்திரங்களை வெளியே எடுத்துவிடுவார்கள். எந்த வகைக் கப்பல் எத்தனை மாதம் ஓடினால் எத்தனை மாதம் உள்ளே வர வேண்டும் என்ற சுழற்சி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். அமெரிக்கர்கள் 2014-லிருந்து 36 மாதச் சுற்று ஒன்றை வைத்தார்கள். முதலில் பழுது, அப்புறம் பயிற்சி, அப்புறம் பயணம் என்ற வரிசை.

கீழே சிவப்புப் பெயிண்ட் அடிப்பது அழகுக்குத்தானே?

இல்லை. அது சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க. ஒட்டினால் கப்பல் அதே எண்ணெய்க்குக் குறைவாக ஓடும்.

இவ்வளவு திட்டம் போட்டும் ரீஃபிட் ஏன் தாமதமாகிறது?

எந்த நாட்டுக்காரரும் இதில் காலரைத் தூக்கிவிட முடியாது. அமெரிக்காவில் அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2015 முதல் 2019 நிதியாண்டு வரை பார்த்தது. விமானந்தாங்கிக் கப்பல்கள், நீர்மூழ்கிகள் சேர்த்து 51 பழுதுக் காலங்களில் 38 தாமதம். நம் ஐ.என்.எஸ். சிந்துகீர்த்தி நீர்மூழ்கி 2006-ல் விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்துக்குள் போய், 2015-ல்தான் வெளியே வந்தது. அந்த ஒன்பது வருடத்தில் ஒன்றாவது சேர்ந்த பிள்ளை ஒன்பதாவது முடித்திருக்கும்.

காரணம் என்னவென்று கேட்டால், பட்டறை வைத்திருப்பவர் முதல் காரணத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கப்பல் உள்ளே வருவதற்குப் பல மாதம் முன்பே கோளாறுப் பட்டியலைத் தரச் சொல்வார்கள். டாக்யார்டு அதைப் பார்த்து ஆள், நாள், உதிரிபாகம் எல்லாம் கணக்குப் போடும். கப்பல் வந்து தரைத்தகட்டைத் தூக்கினால், பட்டியலில் இல்லாத துரு அங்கே காத்திருக்கும். அந்தத் தகட்டை மாற்ற வேண்டுமானால் மேலே ஓடும் கேபிளைக் கழற்ற வேண்டும், கேபிளைக் கழற்ற வேண்டுமானால் பக்கத்துக் குழாயை எடுக்க வேண்டும். ஒரு வாரம் இரண்டு மாதமாகிவிடும்.

இரண்டாவது உதிரிபாகம். நம் பெரிய போர்க்கப்பல்கள் பலவற்றில் கப்பலை ஓட்டும் கேஸ் டர்பைன்கள் உக்ரைனில் செய்தவை. கப்பலின் ஆயுதங்களிலும் கருவிகளிலும் நிறைய ரஷ்யாவில் செய்தவை. 2022-ல் அந்த இரண்டு நாடும் சண்டையில் இறங்கினால் நம் ஸ்டோர்ஸ் ஆபீஸரின் தூக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வரிசை. உலர் துறைகள் எண்ணிக்கையில் கொஞ்சம். ஒரு கப்பல் நகராவிட்டால் அடுத்த கப்பல் வெளியே நிற்கும். அதனால்தான் மும்பை டாக்யார்டில் 2019-ல் விமானந்தாங்கிக்கே இடம் கொடுக்கும் 281 மீட்டர் உலர் துறை ஒன்றைத் திறந்தார்கள். கார்வாரில் 10,000 டன் வரை கப்பலை லிஃப்டில் தூக்குவது போலத் தரைக்குத் தூக்கி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். இரண்டு, மூன்று கப்பலை ஒரே நேரத்தில் வரிசையாக நிறுத்தலாம் என்பதுதான் அதன் லாபம்.

ஒரு கப்பலின் பாகத்தை எடுத்து இன்னொன்றுக்குப் போடுவார்களா?

போடுவார்கள். நின்றுபோன தறியிலிருந்து கியரைக் கழற்றி ஓடுகிற தறியில் மாட்டுவதில்லையா, அதே கதை. மேலதிகாரி அனுமதியும் எழுத்தில் பதிவும் வேண்டும். இன்றைய தலைவலி தீரும், உள்ளே நிற்கும் கப்பலின் தலைவலி இரட்டிப்பாகும்.

"ரெடி" என்று சொல்வதற்கு என்ன அளவுகோல்? எல்லாம் ஓட வேண்டுமா?

எல்லாம் ஓடுகிற கப்பலை நான் பார்த்ததில்லை. கடலில் ஏதாவது முக்கியமான கருவி நின்றுவிட்டால் கப்பல் உடனே ஆப்டெஃப் என்ற செய்தியை அனுப்பும். என்ன போயிற்று, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியாது, சரிசெய்ய என்ன தேவை என்று அதில் இருக்கும். அது கரையில் கட்டளையகத்துக்குப் போய்விடும். காலையில் அதிகாரிகள் முன்னால் வைக்கும் படத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் எதிரே எத்தனை ஆப்டெஃப் நிலுவை என்று தெரியும். அமெரிக்கர்களும் இதே மாதிரி ஒன்றை, தீவிரத்துக்குத் தக்கபடி எண் போட்டு அனுப்புகிறார்கள்.

ஆனால் பட்டியல் முடிவெடுக்காது, ஆள்தான் முடிவெடுக்க வேண்டும். 1971 போரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய ஐ.என்.எஸ். விக்ராந்தின் ஒரு கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட்ட முடியாது. காகிதப்படி பார்த்தால் கரையில் நிற்க வேண்டிய கப்பல். விமானந்தாங்கிக் கப்பல் எதிர்க்காற்றில் வேகமாக ஓடினால்தான் விமானம் சுலபமாக ஏறி இறங்கும், அதில் இந்தக் குறை வேறு. மேற்கில் எதிரியின் பலம் அதிகம், கிழக்கில் குறைவு. எனவே கிழக்குக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கோளாறு கோளாறாகவே இருந்தது. அந்தக் கோளாறோடு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று கணக்குப் போட்ட ஆட்கள் இருந்தார்கள். கட்டளையகம் என்று ஒன்று இருப்பது இந்தக் கணக்குக்காகத்தான் என்பேன். "வண்டி ஓடுமா" என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் பதில் சொல்ல மாட்டார், "எங்கே போகணும், என்ன லோடு" என்று திருப்பிக் கேட்பார்.

இயந்திரம் சரியாக இருந்தால் போதாதா? ஆட்களையும் ஏன் திரும்பச் சோதிக்கிறார்கள்?

ஒரு வருடம் ரீஃபிட்டில் நின்ற கப்பலில் பாதி ஆட்கள் மாறியிருப்பார்கள். மீதிப் பேருக்குக் கடல் ஆட்டத்தில் நின்று வேலை செய்யும் பழக்கம் போயிருக்கும். அதனால் கொச்சியில் இருக்கும் கடல் பயிற்சிக் குழு கப்பலில் ஏறி, தீ, நீர்க்கசிவு, இருட்டு, எதிரித் தாக்குதல் என்று விதவிதமாக வேஷம் போட்டு ஆட்களை வறுத்தெடுக்கும். அந்த நாட்களில் தூக்கம் என்ற பேச்சே கிடையாது.

இதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 சாட்சி. ஜப்பானை மையமாகக் கொண்ட இரண்டு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் இரண்டு மாத இடைவெளியில் வணிகக் கப்பல்களோடு மோதின. ஃபிட்ஸ்ஜெரால்டில் 7 பேர், ஜான் எஸ். மெக்கெயினில் 10 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் நிலவரப்படி அங்கிருந்த குரூசர், நாசகாரி ஆட்களின் போர்த்திறன் சான்றுகளில் 37 சதவீதம் காலாவதியாகி இருந்ததாக அவர்கள் நாட்டுத் தணிக்கை அலுவலகமே சொன்னது. கப்பல்களுக்கு வேலை அதிகம், பயிற்சிக்கு நேரம் இல்லை, எனவே சலுகை கொடுத்துக் கொடுத்துத் தள்ளிப்போட்டார்கள். பெயிண்ட் டப்பா கதைதான், பெரிய அளவில்.

கரையில் நிற்கும் கப்பல் பத்திரம்தானே?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்குக் கடலை விட டாக்யார்டில்தான் பயம் அதிகம். வெல்டிங் நெருப்பு, அங்கங்கே ஒயர், கழற்றிப் போட்ட தீயணைப்புக் குழாய், முகம் தெரியாத ஒப்பந்த ஆட்கள், இரவில் குறைவான காவல். 2020 ஜூலையில் சான் டியகோவில் பழுதில் இருந்த பொனம் ரிச்சர்ட் என்ற பெரிய கப்பல் நாலைந்து நாள் எரிந்தது. அதைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று சேவையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். விசாரித்ததில், கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் பெரும்பாலானவை அப்போது செயல்பாட்டில் இல்லை என்று தெரிந்தது. நம் மும்பையில் 2016 டிசம்பரில் ஐ.என்.எஸ். பெத்வா உலர் துறையில் இருந்து மிதக்க விடும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் ஐ.என்.எஸ். பிரம்மபுத்ரா அதே டாக்யார்டில் தீப்பிடித்துச் சாய்ந்தது.

கோயம்புத்தூர்க்காரர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் "நம்ம பம்பு உலகத்துக்கே போகுது" என்று கிளம்பினால் முதல் படியிலேயே சறுக்கும். கிணற்றுக்குச் செய்யும் வார்ப்பிரும்புப் பம்பு கடல்நீரில் நிற்காது, வெண்கல வகை உலோகம் வேண்டும். பக்கத்தில் குண்டு வெடித்தால் வரும் அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். சத்தம் எவ்வளவு என்று அளப்பார்கள், நீர்மூழ்கி ஒட்டுக்கேட்கும் என்பதால். அப்புறம் காகிதம். எந்த வார்ப்பு எந்த உருக்கிலிருந்து வந்தது என்பது வரை கேட்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

பொறுமை இருப்பவர்களுக்கு வாசல் திறந்துதான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, திருச்சியோடு கோவை, சேலம், ஓசூரும் உண்டு. இறக்குமதி செய்யும் பாகங்களின் பட்டியலைப் பாதுகாப்பு உற்பத்தித் துறை 2020 ஆகஸ்டிலிருந்து சிருஜன் என்ற தளத்தில் போடுகிறது. அதில் ராக்கெட் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வால்வு, கேஸ்கெட், சீல், பேரிங் எல்லாம் இருக்கும். ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு மும்பை, விசாகப்பட்டினம் டாக்யார்டுகளில் அப்ரென்டிஸ் சேர்க்கை உண்டு, அறிவிப்பு வரும்போது பார்த்து வையுங்கள்.

கோவையில் கப்பல்படை இருந்தது என்று தாத்தா சொல்வாரே, அது கதையா?

கதையில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கோவையில் விமானப் பழுதுப் பட்டறை ஒன்றை நடத்தியது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. கப்பல்களின் விமானங்களைச் சரிசெய்ய, கடலே இல்லாத ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் கடற்படையின் ஜெட் விமானங்கள் சூலூரில் இருந்தன. இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா 1961-ல் சூலூரில்தான் தொடங்கியது. இப்போது ரெட் ஃபீல்ட்ஸில் இருக்கும் ஐ.என்.எஸ். அக்ரணி தலைமைப் பண்புப் பயிற்சி தரும் இடம். கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் போலவே பெயர் வைப்பது கடற்படை வழக்கம். அதனால் இது கப்பல் எதுவும் இல்லாத கப்பல்.

சாமி, கப்பல் ரிப்பேர்ல நின்னா எம் பையன் நோம்பிக்கு வருவானா?

இதைக் கேட்டது பக்கத்து வீட்டு அத்தை. வர வாய்ப்பு அதிகம் அத்தை. ரீஃபிட்டில்தான் லீவு கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எல்லோரையும் ஒரே நேரத்தில் விட முடியாது. தீக்காவலுக்கு ஆள் வேண்டும், டாக்யார்டு ஆட்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். கப்பலை உலர் துறையிலிருந்து இறக்கும் வாரமாக இருந்துவிட்டால் யாருக்கும் லீவு இல்லை. நோம்பி சாட்டிய பிறகு போன் பண்ணினால் முடியாது, தேதி தெரிந்ததும் இப்போதே அவனிடம் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.